கண்ணாடி இடியப்பமும் ஒரு சரை சீனியும்

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. திருகோணமலையில், துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். சீனன்குடாப் பக்கம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையில், என் கணவருக்குக் களஞ்சியத்தில் வேலை. அங்கே இயந்திரங்கள் பூட்டுவதற்கு ஜப்பானிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து வீட்டில் தனியாகக் குடியிருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். காலையில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லுவார். நானும் என்ன செய்வதென்று தெரியாமல் குனிவேன்.

அந்த வருடம்தான் என் கணவருக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிய வந்தது. டொக்டர் குளிசை எழுதித் தந்து, சோற்றைக் குறைக்கச் சொன்னார். இடியப்பம், பிட்டு, பாண் எல்லாவற்றிலும் கொஞ்சம்தான். சீனி கூடவே கூடாது. இடியப்பமும் சொதியும் இருந்தால் வேறொன்றும் கேட்காத மனிதர் இவர். வாய் திறந்து ஒன்றும் குறைப்படவில்லை. கோப்பையில் நான் போட்ட இரண்டு அகப்பைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, வெறும் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். சண்டை பிடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

வேலைத்தளத்தில் இவருடைய மெலிந்துபோன சாப்பாட்டுப் பார்சலை அந்த ஜப்பான்காரர் கவனித்திருக்கிறார். என்ன ஏதென்று விசாரித்தவர், அடுத்த நாள் பின்னேரம் ஒரு பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். உள்ளே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பைகள். தண்ணீருக்குள் வெள்ளை வெள்ளையாக நூல்கள். தன் தொந்தியைத் தட்டிக் காட்டி, இதைக் குறைக்க மனைவி அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னார். பெயர் ஷிராத்தாக்கி. எதில் செய்வதென்று கேட்டபோது ஒரு கடதாசியில் செடியும் கிழங்குமாகக் கீறிக் காட்டினார். பார்த்தால் நம்முடைய கரணைக்கிழங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி இருந்தது. வயிறு நிறையும், ஆனால் உடம்பு வைக்காது, சீனியும் ஏறாது என்பது அவர் சொன்னதன் சாரம்.

பையை வெட்டியதும் குசினி முழுக்க ஒரு மணம். சுண்ணாம்பும் பழைய மீனும் கலந்த மாதிரி. பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டு, தானே அரிதட்டில் கொட்டி, பலமுறை தண்ணீரில் அலசி, கொதிநீரில் சற்று நேரம் போட்டு எடுத்துக் காட்டினார். மணம் போய்விட்டது. கையில் எடுத்தால் கண்ணாடி போல வெளிச்சம் ஊடுருவியது. எங்கள் வீட்டில் அதற்குக் கண்ணாடி இடியப்பம் என்று பெயராகிவிட்டது.

இடியப்பம் என்று பெயர் வைத்த பிறகு சொதி இல்லாமலா? தேங்காய்ப்பாலில் நல்ல சொதி வைத்து ஊற்றினேன். சொதி ஒரு பக்கம் ஓடியது, நூல் ஒரு பக்கம் கிடந்தது. ஒன்றிலொன்று ஒட்டவே இல்லை. இவர் இரண்டு வாய் மென்றுவிட்டு, ரப்பர் நல்லாத்தான் இருக்கு என்றார்.

நான் விடவில்லை. அடுத்த முறை எண்ணெய் விடாமல் வெறும் தாச்சியில் போட்டுக் கிளறினேன். ஈரம் வற்ற வற்ற அந்த நூல்கள் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டன. சத்தம் அடங்கியதும் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதக்கி, சின்ன இறாலும் மிளகும் போட்டுப் பிரட்டி, கடைசியில் தேசிக்காய் பிழிந்தேன். அன்று இவர் கோப்பை நிறையச் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் சாப்பிட்ட மனிதனின் திருப்தியைப் பார்த்தேன். ஜப்பான்காரருக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தனுப்பினேன். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய வழித்துச் சாப்பிட்டாராம்.

கிண்ணியாவில் இவருடைய நண்பர் ஒருவரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பின்னேரம் நிக்காஹ், பிறகு சாப்பாடு. கிண்ணியாக் கலியாண வீட்டுப் புரியாணிக்கு முன்னால் தன் மனம் நிற்காது என்று இவர் பயந்தார். அதனால் மத்தியானம் சோறே வேண்டாம், கண்ணாடி இடியப்பத்தை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனால் அங்கே ஒன்றும் தேவைப்படாது என்று முடிவு செய்தோம். காலையில் குளிசை போட்டிருந்தார். மத்தியானம் இறாலோடு அதை நிறையச் சாப்பிட்டார். பெருமையாக வயிற்றைத் தடவிக்கொண்டு புறப்பட்டார்.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி அக்கரையில் விடும் பெரிய மிதவைதான். அதைப் பாதை என்போம். துறையடியில் நீண்ட வரிசை. நல்ல வெயில். நிற்க நிற்க இவர் பேச்சுக் குறைந்தது. பாதையில் ஏறியதும், பரிசுப் பொருளைக் கவனமாகப் பிடிக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.

"உமக்கு ஒரு அலுவலும் ஒழுங்காச் செய்யத் தெரியாது" என்று எல்லோரும் கேட்கச் சத்தம் போட்டார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து வெளியில் வைத்து ஒரு சொல் கடிந்து பேசாதவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்கும்போது பரிசுப் பெட்டி கீழே கிடந்தது. இவர் கம்பியைப் பிடித்தபடி மெல்ல மெல்லச் சரிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். சேட்டு முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. ஏதோ சொன்னார், நாக்குக் குழறியது. பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். நல்லா ஏத்திப்போட்டு வந்திருக்கிறார், அதுவும் பொஞ்சாதியையும் கூட்டிக்கொண்டு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ என்று தட்டினேன். அவர் கண்கள் என்னைப் பார்த்தன, ஆனால் என்னை அடையாளம் கண்ட பார்வை அல்ல அது.

விலகி நின்ற ஆட்களை ஒதுக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். தலையில் முக்காடு, கையில் பன்புல்லில் இழைத்த பன்பை. நகரத்தில் சாமான் வாங்கிக்கொண்டு கிண்ணியாவுக்குத் திரும்புகிறவர் போல. குனிந்து இவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"குடிச்ச மனுசனுக்கு இப்புடி வேர்க்காது. மகள், ஒங்கட மாப்பிள்ளைக்குச் சீனி வருத்தம் இருக்கா?"

ஓம் என்றேன். அவர் உடனே பன்பைக்குள்ளிருந்து ஒரு சரையை எடுத்துக் கடதாசியைக் கிழித்தார். உள்ளே இருந்தது சீனி. இத்தனை மாதமாக வீட்டில் ஒளித்து வைத்து, தேத்தண்ணீரில்கூடக் காட்டாமல் காத்த மனிதருக்குச் சீனியா? அந்த அம்மாவின் கையைப் பிடித்துவிட்டேன். டொக்டர் கூடாதென்று சொன்னவர், வேண்டாம் என்று அழுதேன்.

அவர் கையை உதறவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இப்ப இவருக்குச் சீனி கூடல்ல, கொறஞ்சி போச்சு. என்ட மூத்த மகனும் இப்புடித்தான் கெடந்தான். நாங்க நித்திரையெண்டு நெனச்சிட்டம்."

என் பிடி தானாகத் தளர்ந்தது. யாரென்று தெரியாத ஒருவரை நம்புவதா, டொக்டரை நம்புவதா என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அந்தக் கண்களை நம்பினேன். அவர் தான் கொண்டுவந்த போத்தல் தண்ணீரில் விரலை நனைத்து, சீனியைத் தொட்டு, இவருடைய கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். இவர் விழுங்கத் தொடங்கிய பிறகுதான் போத்தல் மூடியில் சீனியைக் கரைத்துப் பருக்கினார். முன்பின் தெரியாத ஆணின் முகத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு கிண்ணியாப் பெண் நடுப் பாதையில் உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய உதடுகள் மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன.

அக்கரை கிட்டும்போது இவருக்கு அறிவு வந்தது. என்னைப் பார்த்தார், என் பெயரைச் சொன்னார். பிறகு பயந்த குரலில், ஏன் வாயெல்லாம் இனிக்குது என்று கேட்டார். களவாகத் தின்று பிடிபட்டவர் போல இருந்தது அந்த முகம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அந்த அம்மா தன் முந்தானையால் இவருடைய நாடியில் ஒட்டியிருந்த சீனியைத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சச் சீனியைச் சுற்றி என் கைப்பைக்குள் வைத்து, உடனே ஏதாவது சோறு சாப்பிடக் குடுங்க என்றார். நான் இவரைக் கைத்தாங்கலாக இறக்கி, தேத்தண்ணீர்க் கடையில் இருத்திவிட்டுத் திரும்பினேன். அவர் ஏறிய பஸ் போய்க்கொண்டிருந்தது.

அன்று கலியாண வீட்டில் நானே இவருக்கு ஒரு அளவுப் புரியாணி போட்டேன். அடுத்த நாள் டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். குளிசை இரத்தத்தில் சீனியைக் குறைத்துக்கொண்டே இருக்கும். சோறு கொஞ்சமாவது போனால்தான் அதற்கு ஈடு கொடுக்கும். நீங்கள் கொடுத்ததில் வயிறு நிறைந்தது, உடம்புக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று விளக்கினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கியவர், வசனத்தை முடிக்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட ஜப்பான்காரர் வாசலில் வந்து, இடுப்புவரை குனிந்தவர் நிமிரவே இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை, எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. இவர்தான் தோளைப் பிடித்து நிமிர்த்தி உள்ளே கூட்டி வந்தார். அன்றும் கண்ணாடி இடியப்பம்தான் சமைத்தேன். ஆனால் பக்கத்தில் ஒரு அகப்பைச் சோறும் பருப்புக் கறியும் இருந்தன. பெட்டி முடியும்வரை அப்படியே சாப்பிட்டோம். ருசி குறையவில்லை.

என் கணவர் அதற்குப் பிறகு நெடுங்காலம் என்னோடு வாழ்ந்தார். அந்த அம்மாவைத் தேடிக் கிண்ணியாவில் எத்தனையோ பேரிடம் விசாரித்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸிலோ சந்தையிலோ யாராவது வேர்த்து விறுவிறுத்துச் சாய்ந்து கிடந்தால், நான் கிட்டப் போய்க் கேட்காமல் வருவதில்லை. ஒருமுறை அப்படிப் போனபோது அந்த ஆள் உண்மையாகவே குடித்திருந்தார், கண்டபடி ஏசினார். எனக்குக் கோபம் வரவில்லை. தன் மகனுக்குச் செய்ய முடியாமல் போனதை, எந்த உறவுமில்லாத ஒருவருக்கு அந்தத் தாய் செய்துவிட்டுப் போனார். அதோடு பார்த்தால் நான் வாங்கிய ஏச்செல்லாம் ஒரு பொருட்டே இல்லை.