ஒரே வாரத்துக்கு இரண்டு கூலி

வேடசந்தூரிலிருந்து வந்த பஸ் திண்டுக்கல்லுக்குள் நுழையும்போது தோல் வாடை அடித்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எப்படித்தான் இதுக்குள்ள நிக்கிறானுகளோ" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வாடைக்குள் நின்றுதான் அப்பா என்னை எட்டாவது வரை படிக்கவைத்தார். ஆனால் கோபம் அந்த மனிதர் மேல் இல்லை என்பது இறங்கி நடக்கும்போது தெரிந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆறாத கோபம் அது.

அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் புரட்டுகிறவர். சுண்ணாம்பு தின்று தின்று அவர் விரல்களில் ரேகையே கிடையாது. கைநாட்டு வைத்தால் தாளில் வெறும் மைப்பொட்டுதான் விழும். நான் அதே ஷாப்பில், தோலை ஊறப்போட வரும் ஆவாரம்பட்டை மூட்டைகளுக்கு எடை எழுதினேன். எங்கள் வம்சத்தில் முதலில் எழுதப் படித்தவன் என்ற மப்பில் காதில் பென்சிலைச் சொருகிக்கொண்டுதான் தெருவில் நடப்பேன். சோறு தின்னும்போதும் அது காதிலேயே இருக்கும்.

பதினெட்டு வயது ஆகாதவன் கூலியை அவன் அப்பன் கைநாட்டு வைத்து வாங்குவது அங்கே வழக்கம். அதனால் அப்பா சனிக்கிழமைதோறும் தனக்கொன்று, எனக்கொன்று என இரண்டு தடவை பெருவிரலை மையில் தொடுவார். எனக்கு வயது வந்ததும் கணக்குப்பிள்ளை என் பெயரைக் கையெழுத்துக்காரர்கள் பேரேட்டில் ஏற்றினார். பழைய கைநாட்டுப் பேரேட்டில் அதை அடிக்க மறந்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை ஒரு மேசையில் நான் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டு ஆறு ரூபாய் வாங்கினேன். இன்னொரு மேசையில் என் பெயரைக் கூப்பிட்டதும் அப்பா வழக்கம்போல விரலை வைத்து ஆறு ரூபாய் வாங்கினார்.

வீட்டில் அம்மா முன்னால் இரண்டும் சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்பா சிரித்தார்.

"நீயும் வாங்கிட்டியா அப்பு? சரி விடு. வார சனிக்கிழமை நீ மேசைப் பக்கம் போகாத. கணக்கு நேராப் போயிரும். அந்தக் கணக்குப்பிள்ளை பேரும் கெடாது."

"அது முறை இல்லப்பா. எழுதிக் குடுக்கணும்."

"ஏலே, ஆறு ரூவாய்க்கு மனுவா?"

ஆமாம், மனுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். 'எனது தந்தையார் எனது கூலியை மறுபடியும் பெற்றுக்கொண்டார். உண்மையை மறைக்க மனமின்றி இதனைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' 'மனமின்றி' என்ற இடத்தில் எனக்கே புல்லரித்தது. அப்பா ஆறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கணக்குப்பிள்ளையைத் தாண்டிப் போய் முதலாளி கையிலேயே மனுவையும் பணத்தையும் கொடுத்தேன். அவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். அந்த ஆளுக்கு முகம் வெளுத்தது ஒரு நொடிதான்.

"பய பேர மாத்தியாச்சுன்னு அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க. காதுல வாங்காம வெரல வச்சான்" என்றார்.

அப்பாவைக் கூட்டி வந்தார்கள். முழங்கைவரை சுண்ணாம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏய்யா, நீ எப்பய்யா சொன்ன?" என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டார். முதலாளி பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் கழிச்சுக்கிறலாம்னுதான் சாமி இருந்தேன்" என்றார்.

"அப்ப மறைக்கத்தானே பாத்த?" என்ற முதலாளி என்னைப் பார்த்தார். "உங்கப்பனுக்கு சனிக்கிழமையே தெரியுமா?"

பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியவன் நான். "தெரியுமுங்க" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும் என்று தொடங்குவதற்குள் கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"பெத்த பிள்ளையே எழுதிக் குடுத்திருக்கான். இன்னும் என்னங்க சாட்சி வேணும்?"

மத்தியானத்துக்குள் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு, நேர்மையான பயல் என்று வாரத்துக்கு எட்டணா கூட்டினார்கள். மறுநாள் தொட்டிக்காரர்கள், "ஏலே, மனுக்காரன் வாரான், பெருவெரல மடக்கிக்கங்கடா" என்று கத்தினார்கள். பொய் சொன்ன ஆளோ அன்றிலிருந்து என்னை "வாங்க தம்பி" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். அந்த மரியாதையை மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். வீட்டில் நிலையான சம்பளம் என்னுடையது ஒன்றுதானே. அப்பா அகரம் பக்கம் வெங்காயக் காட்டுக்குக் களையெடுக்கப் போனார்.

இப்போது அந்த ஷாப்பு இல்லை. தொட்டிகளைத் தூர்த்து லாரிக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறாரோ, நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என் காசில் ஒரு வெற்றிலைகூட அவர் வாங்கிக்கொண்டதில்லை. கடைசி நாட்களில் நெஞ்சுச் சளிக்கு நான்தான் மருந்து வாங்கி வந்தேன். நான் வாசலிலேயே நின்றுகொள்வேன். தங்கச்சி மாப்பிள்ளை வாங்கினது என்று அம்மா சொல்லுவாள். அப்புறம்தான் மருந்துக்கு வாயைத் திறப்பார்.