குட்டி மறிஞ்ஞு

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்த எனக்கு மலையாளம் அரைகுறைதான். எட்டாம் மாதம், ஆஸ்பத்திரி பெஞ்சில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் எங்களுக்குள் பேச்சு ஓயாது. ஒருத்திக்குக் கால் வீக்கம், ஒருத்திக்கு நெஞ்செரிச்சல். என் குழந்தை இன்னும் தலைகீழாகத் திரும்பவில்லை என்பது என் கவலை. சாலைக் கடைத்தெருவிலிருந்து வரும் செல்வி மட்டும் எல்லாம் கேட்பாள். தன்னைப் பற்றிச் சொல்லமாட்டாள்.

அன்று என் வயிற்றைத் தொட்டுப் பார்த்த நர்ஸ், "குட்டி மறிஞ்ஞு" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். மரித்தல் என்றால் சாவு என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்து உட்கார்ந்தேன். அழுகைகூட வரவில்லை.

"பிள்ளை செத்துப்போச்சாம்" என்றேன்.

செல்வி என் கையைப் பிடித்தாள். "நர்சம்மா சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

சொன்னேன்.

"மறிஞ்ஞுன்னா புரண்டுட்டுன்னு அர்த்தம்க்கா. தலை கீழ வந்தாச்சு. செத்துட்டுன்னா மரிச்சுன்னு சொல்லுவாவ."

பெஞ்சே சிரித்தது. நானும் சிரித்தபடி, "உனக்கு எப்படி இவ்வளவு மலையாளம்?" என்று கேட்டேன்.

"போன தடவை எங்கிட்ட மரிச்சுன்னு சொன்னாவ" என்றாள்.

இன்று என் வீட்டில் மலையாளம்தான் அதிகம். அந்த இரண்டு சொற்கள் வரும்போது மட்டும் நான் நிதானித்துத்தான் பேசுகிறேன்.