தங்கை மகனுக்கு எந்த நாடு?

போன மாதம் என் தங்கை செல்வி ஜெர்மனியிலிருந்து வீடியோ காலில் வந்தாள். மடியில் கைக்குழந்தை. அவள் மகன்.

கல்யாணம்? ஆகவில்லை. கூட வேலை பார்க்கும் மார்க் என்ற ஜெர்மன்காரரோடு ஒரே வீட்டில் இருக்கிறாள்.

எனக்குப் பொறாமை. மேளதாளம், பந்தி, ரிஜிஸ்தர் ஆபீஸ் என்று எல்லாம் முறையாக நடந்து பதினாறு வருடமாகிறது எனக்கு. பிள்ளை இல்லை. தத்தெடுக்கப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம் — அங்கேயும் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள்!

செல்விக்கு ஒரு குழப்பம்.

"அக்கா, மார்க் தான்தான் அப்பான்னு எழுதிக் குடுத்து நான் சம்மதிச்சா, கொயந்தைக்கு ஜெர்மன் குடியுரிமை. அம்மா இந்தியாங்கறதால, ஒரு வருசத்துக்குள்ள நம்ம தூதரகத்துல பதிஞ்சா இந்தியன். ரெண்டையும் வச்சிக்க நம்ம சட்டம் வுடாது. இன்னா பண்ணட்டும்?"

"கல்யாணம் ஆகலைன்னா பதிய மாட்டேன்னு சொல்ல மாட்டாங்களா?"

"ரெண்டு பேப்பர் சேத்துக் கேப்பாங்களாம். அவ்ளோதான்."

அவ்வளவுதானா? எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது.

"இந்தியாவே வாங்கு" என்றேன் சட்டென்று. தேசப்பற்றெல்லாம் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் பையன் என்றைக்காவது இங்கேயே வந்து தங்கிவிட மாட்டானா...

கும்மிடிப்பூண்டி ஸ்டீல் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவரிடம் சொன்னேன்.

"கொயந்த யாருது?" என்றார்.

"செல்வியோடது."

"அப்ப நீ இன்னாத்துக்கு முடிவு பண்ணிக்கினு கீற?"

செல்வி அனுப்பியிருந்த குழந்தை போட்டோவை நீட்டினேன். தோள் பையைக்கூட இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். "காது நம்ம செல்வி மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்றைக்கே செல்வியைத் திரும்பக் கூப்பிட்டேன். "உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யி" என்றேன்.

"ஜெர்மன்தான்க்கா. நாளைக்கு எங்களுக்குள்ள ஒண்ணு ஆனாலும், அவனுக்கு அப்பா ஊர்ல பேஜாரு வரக்கூடாது."

நான் என் வீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பிள்ளையை நினைத்திருக்கிறாள். பெற்றவள் அல்லவா... அதற்கும் பொறாமைதான்.

நேற்று மார்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி என் தங்கை பிள்ளை என் வீட்டுக்கு வர விசா எடுக்க வேண்டும். குடியுரிமைச் சட்டத்தில் அப்பாவுக்கு இடமிருக்கிறது, அம்மாவுக்கு இடமிருக்கிறது.

பெரியம்மாவுக்குத்தான் ஒரு வரிகூட இல்லை.