பெயர் எழுதாத பதிவு

பிள்ளைகளே, சிங்கப்பூரில் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்க எனக்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. ஊரிலிருக்கும் மச்சானைத் தாலுகா அலுவலகத்தில் தேடச் சொன்னேன். பழைய பதிவேட்டில் என் அப்பா, அம்மா பெயரோடு ஓர் ஆண் குழந்தை இருந்தது. குழந்தையின் பெயர் எழுதவில்லை. தேதி என் பாஸ்போர்ட்டில் இருப்பதற்கு இரண்டு வருடம் முந்தியது. வயதைக் குறைத்துப் பள்ளியில் சேர்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே என்று நினைத்துவிட்டேன்.

"உம் பேரை ஏத்திடவா மாப்ள?"

"ஏத்துங்க மச்சான்."

ஆங் மோ கியோ வாடகை அறையிலிருந்து சந்தோஷமாக அம்மாவுக்குப் போன் செய்தேன். பதிவு கிடைத்துவிட்டது, தேதிதான் இரண்டு வருடம் முந்தியிருக்கிறது என்றேன்.

"அது நீ இல்லய்யா. உனக்கு முன்னாடி பொறந்தவன். பதினோரு நாள்தான் இருந்தான், பேரு வைக்கிறதுக்குள்ள போயிட்டான். உன்னைய வீட்டுலதான் பெத்தேன். யாரு போயிப் பதிஞ்சா?"

மனுவோடு வரிசையில் நின்ற மச்சானைப் போனில் பிடித்துத் தடுத்தேன். பொய்ச் சான்றிதழ் கொடுக்கவிருந்த குற்றம் ஒருபக்கம். அந்தக் குழந்தை பிறந்ததற்கு இருந்த ஒரே அடையாளத்தையும் பிடுங்கப் பார்த்தேனே!

என் பிறப்புக்குப் பதிவு இல்லை என்ற சான்றிதழுக்கு இன்னும் அலைகிறேன். இப்போது எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அம்மாவிடம் கேட்கிறேன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று யாராவது கேட்டால், ஓர் அண்ணன் என்கிறேன்.