இருதயம்மாள் உட்காரும் இடம்

இருதயம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஆனைக்கரையில் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் அவள் உட்காரும் இடத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுச் சொல்லட்டும்.

முப்பத்தோரு வருடமாக ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். முன்பு வேலை பார்த்த பழைய ஸ்டோர் தகரக் கொட்டகைதான். ஆனால் பலகைத் தரை, அதன்மேல் சாக்கு. சாயங்காலம்வரை கால் நீட்டி உட்கார்ந்தாலும் இடுப்பு பேசாமல் கிடக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் கம்பெனி புதுக் கட்டடம் கட்டியது. சுற்றிலும் கண்ணாடி, கூரையில் சோலார், தரை முழுக்கக் கிரானைட். பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்கி வாசலிலும் மாட்டியாயிற்று. சாக்கை விரித்தால் தூசி காற்றைக் கெடுக்கும், சான்றிதழ் போய்விடும் என்றார் மேனேஜர் ராஜசேகர். பதினான்கு பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து ஐந்துவரை வெறும் கல்லில் உட்கார்ந்தார்கள். முதல் மழைக்காலத்திலேயே இருதயம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் முழங்காலில் இருக்க, அவள் மட்டும் நிற்கிறாள். ஆண்டவர் முன்னால் விறைத்து நிற்க அவளுக்கென்ன திமிரா? சாக்கு கேட்டு இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் "பாக்கலாம்" என்ற பதில்தான்.

இந்த டிசம்பரில், கட்டடத்தில் இருப்பவர்களுக்குச் சௌகரியமாக இருக்கிறதா என்று அளந்து பார்க்க ஆர்த்தி என்ற பெண் வந்தாள். முக்காலி மேல் ஒரு கருவி, கையில் கேள்வித்தாள். நாற்காலியில் உட்காரும் ஆபீஸ்காரர்கள் எட்டுப் பேருக்கும் தாள் கொடுத்தாள். தரையில் இருந்தவர்களிடம் வந்தபோது ராஜசேகர் குறுக்கே விழுந்தார்.

"இவங்க கான்ட்ராக்ட்டு. கணக்குல வரமாட்டாங்க."

இருதயம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"ஏம்மா, அந்த மெசினு எம்புட்டுக் காட்டுது?"

"இருவத்திரண்டு டிகிரி. நல்லாத்தானே இருக்கு?"

"ஆருக்கு நல்லாருக்கு?"

கேட்டதோடு நிற்கவில்லை. முக்காலியிலிருந்து கருவியைக் கழற்றித் தன் இடத்துக்குப் பக்கத்தில் வெறும் தரையில் வைத்தாள். ஆர்த்தி தடுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க எண் இறங்கி, பதினாறில் நின்றது.

"உக்காந்திருக்கவங்க இடுப்பு உயரத்துலதான் வைக்கணும். அதான் ரூல்" என்று ராஜசேகர் கத்தினார்.

"என் இடுப்பு இங்கனதான் சார் இருக்கு. ரெண்டு வருசமா இங்கனதான் இருக்கு!"

ஆர்த்தி பதினாறைக் குறித்துக்கொண்டாள். மீதித் தாள்களை எடுத்துக்கொண்டு பெண்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுத ஆரம்பித்தாள். மூன்றாவது தாளில் நெளிந்தாள். நான்காவது தாள் எடுக்கும்முன் துப்பட்டாவை நாலாக மடித்துத் தனக்கடியில் போட்டுக்கொண்டாள்.

இருதயம்மாள் ராஜசேகரைப் பார்த்தாள்.

"பாத்துக்கங்க சார். அந்தப் புள்ளைக்கு இன்னும் கால் மணி நேரம் ஆகல."

அவர் வாயைத் திறக்குமுன் அவள் பேக்கிங் அறைக்குள் நுழைந்துவிட்டாள். பின்னாலேயே பதிமூன்று பேரும் போனார்கள். யாரிடமும் கேட்கவில்லை. ஆளுக்கொரு சாக்கோடு வந்தார்கள். தன் சாக்கைக் கல்லின்மேல் உதறி விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள் இருதயம்மாள்.

"இப்ப வந்து எடுங்க சார், பாப்போம்."