அட்ஜஸ்ட் ஆகாத நீல மீன்

காக்ஸ் டவுனில் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரரிடம் போன வாரமே தெளிவாகக் கேட்டேன்.

"என்னுது சின்ன உப்புத்தண்ணித் தொட்டி. உள்ள ஒரு க்ளவுன் மீன் இருக்கு. இந்த நீல டேம்சல் மீன் அதோட ஒத்துப்போகுமா?"

"ரெண்டு நாள் முறைச்சுக்கும் சார். அப்புறம் அட்ஜஸ்ட் ஆயிடும்."

நம்பி வாங்கி வந்தேன். எங்கே ஆனது? வாரம் முழுக்கத் துரத்தித் துரத்திக் கடித்தது. இன்று காலை க்ளவுன் மீன் வால் கிழிந்து, பவளத்துக்கு அடியில் செத்துக் கிடந்தது.

நேராகக் கடைக்குப் போனேன். அந்த ஆள் அசரவே இல்லை.

"சின்னத் தொட்டி வச்சுக்கிட்டு மீனைக் குறை சொன்னா எப்படி? பெருசா வாங்குங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்!" என்று, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளும்படி கன்னடத்தில் உபதேசம் வேறு.

"சின்னத் தொட்டின்னு முதல்லயே சொன்னேனேய்யா!" என்று கத்திவிட்டு வந்தேன்.

கொலைகாரன் இப்போது தொட்டியில் தனிக்காட்டு ராஜாவாகச் சுற்றுகிறான். யாருக்காவது வேண்டுமா? உங்கள் மீன்தான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும்.