எழுநூறு என்று பெயர் வாங்கிய என் அண்ணன்

என் அண்ணனுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் எழுநூறு. அதற்குக் காரணம் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அண்ணி முந்திக்கொள்வாள்.

ஆறு வயதில் காய்ச்சலில் அவனுக்குக் கண் போனது. அதற்காக அவன் ஓய்ந்துவிடவில்லை. பொருளாதாரம் படித்தான், கல்லூரியில் பாடம் நடத்தினான், பிறகு வேலையை உதறிவிட்டுச் சட்டசபைத் தேர்தலில் நின்றான். "கண்ணு தெரியாதவர் எதைப் பார்த்து ஊரைத் திருத்துவாரு?" என்று கேட்டவர்களிடம், "கண்ணு தெரிஞ்ச நீங்க இத்தனை நாளா எதைப் பார்த்தீங்க?" என்றான். வாய்க்கு மட்டும் குறைச்சலே கிடையாது. ஜெயித்தும் விட்டான்.

அரசாங்க அறிக்கைகளை அவனுக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. முதல் கூட்டத்துக்கு, அந்த வருடம் உருவான புதிய வேலைகளின் பட்டியலைப் படித்தேன். மேலே பொடி எழுத்தில் 'எண்கள் ஆயிரத்தில்' என்று இருந்ததை விட்டுவிட்டேன். "வெறும் எழுநூறு வேலைதானா? வெட்கமா இல்ல?" என்று அவன் சபையில் முழங்க, ஏழு லட்சத்தை எழுநூறாக்கிய மகானைப் பார்த்துச் சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

வீட்டுக்கு வந்து என்னைத் திட்டித் தீர்ப்பான் என்று பயந்தேன். "தப்பு என்னோடதுதான். குறைச்சலா இருக்கணும்னு ஆசைப்பட்டேன், அதான் யோசிக்காம நம்பிட்டேன்" என்றான். அதற்கு நான் அழுதேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டான் பாருங்கள்: அச்சானது எதையும் விடக்கூடாது. நட்சத்திரக்குறி, பக்க எண், அச்சகத்தின் முகவரி உட்பட. சரியான கழுத்தறுப்பு!

அடுத்த வருடம், ஊர்க்கோடிக் குடியிருப்புக்குப் போகும் ஒன்பது பஸ்களையும் நிறுத்த அமைச்சர் தீர்மானம் கொண்டுவந்தார். ஆளே ஏறுவதில்லையாம். அண்ணனுக்கு ஓட்டுப் போட்டதே அந்தக் குடியிருப்புதான். பஸ் நின்றால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி இல்லை.

இருநூறு பக்க அறிக்கை. தொண்ணூற்றொன்றாம் பக்கத்தின் அடியில், "நட்சத்திரக்குறி. பயணிகளை எண்ணிய நாட்கள்" என்று தேதிகளைப் படித்தேன்.

"நிறுத்து. அந்தத் தேதியை மறுபடி படி" என்றான். படித்தேன். "அடிப்பாவி, அது முழுப்பரீட்சை லீவு!"

சபையில் அவன் எழுந்ததும் அமைச்சர், "எழுநூறு சார் இன்னைக்கு என்ன கணக்கு கொண்டாந்திருக்காரு?" என்று ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கும்வரை அண்ணன் காத்திருந்தான்.

"தொண்ணூத்தொண்ணாம் பக்கம், கீழே பொடி எழுத்து. உங்களுக்கெல்லாம் கண்ணு நல்லாத்தானே இருக்கு, படிங்க."

தாள்கள் புரண்டன. அமைச்சரும் புரட்டினார்.

"லீவுல போய் ஸ்கூல் பிள்ளைங்களை எண்ணியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை எட்டிப் பார்த்துட்டு, கூட்டமே இல்லன்னு பேங்கை இழுத்து மூடுவீங்களா?"

இந்த முறை சிரிப்பு அமைச்சர் பக்கம் திரும்பியது.

மொத்தம் நூற்றிருபது பேர், அறுபத்தோரு கை உயர்ந்தால் தீர்மானம் தோற்கும். எதிர்ப்பவர்களைச் சபாநாயகர் கை தூக்கச் சொன்னார். அண்ணன் தூக்கினான். கூட எத்தனை கை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. கழுத்தைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். நான் உட்கார்ந்திருந்த மாடத்தில், பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று எதிரே பலகை தொங்கியது. பலகையாவது, மண்ணாங்கட்டியாவது! எழுந்து நின்று உரக்க எண்ண ஆரம்பித்தேன். நாற்பதில் காவலர் வந்தார். ஐம்பதில் என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார். நான் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கத்தினேன்.

"அம்பத்தொம்பது... அறுபது... அறுபத்தொண்ணு! ஜெயிச்சிட்டோம் அண்ணா, இன்னும் தூக்கிட்டே இருக்காங்க!"